தலைசுற்றல் நின்றது, காது அடைத்தது: உள்காது அறுவைக்குப் பிந்தைய வாரங்களுக்கு ஒரு வழிகாட்டி

மூன்று ஆண்டுகள் நான் இடப்பக்கம் திரும்பிப் படுத்ததில்லை. திரும்பினால் மின்விசிறியோடு சேர்ந்து கூரையும் சுற்றும். அரை நிமிடம்தான். ஆனால் அந்த அரை நிமிடத்துக்குப் பயந்து, பரணில் இருப்பதை அண்ணாந்து எடுப்பதையும் குனிந்து கோலம் போடுவதையும் விட்டுவிட்டேன். பித்தம் என்றார்கள். இரத்தசோகை என்றார்கள். கழுத்தெலும்புத் தேய்மானம் என்று பட்டை மாட்டிவிட்டார்கள். கடைசியில் காரணம் உள்காதில் இருந்தது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன், சுற்றல் நின்றது. அன்றே இடது காதும் மந்தமாகிவிட்டது.

இப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் பகலில் மருத்துவர் சொல்லக் கேட்டுத் தலையாட்டுவது எளிது. நள்ளிரவில் காதருகே விரல்களை உரசிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் விழித்துக் கிடப்பது அவ்வளவு எளிதல்ல. இந்த அறுவைக்கு நாள் குறித்திருப்பவர்களுக்கும், செய்துகொண்டு வீட்டில் இருப்பவர்களுக்கும் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் காதைத் திறந்து பார்த்தவர் அவர்தான்.

1. உள்ளே என்ன செய்தார்கள் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

உள்காதில் மிக நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் ஒரு பசைப்படலத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவை உதிர்ந்து, தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் குழாய்களில் ஒன்றுக்குள் விழுந்துவிட்டால், தலையைச் சாய்க்கும்போதெல்லாம் அங்குள்ள திரவத்தைத் தள்ளிக்கொண்டு உருளும். தலை நின்ற பிறகும் திரவம் அசைவதால், நாம் சுற்றிக்கொண்டிருப்பதாக மூளை நம்பிவிடுகிறது. பெரும்பாலும் மாட்டிக்கொள்வது பின்பக்க அரைவட்டக் குழாய்தான். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்ளி 1992-இல் வெளியிட்ட முறைப்படி தலையை வரிசையாகத் திருப்பினால், பெரும்பாலோருக்குப் படிகங்கள் வெளியேறிவிடும். மாத்திரை, கத்தி எதுவும் வேண்டாம்.

எத்தனை முறை திருப்பியும் தீராத, அல்லது தீர்ந்து தீர்ந்து திரும்பி வரும் சிலருக்குத்தான் அறுவை. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் லண்டன் என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே லோர்ன் பார்ன்ஸ், ஜோசப் மெக்ளூர் என்ற இரு மருத்துவர்கள் 1990-இல் வெளியிட்ட முறை இது. அந்தக் குழாயையே அடைத்துவிடுவது. காதுக்குப் பின்னால் 5 அல்லது 6 சென்டிமீட்டர் கீறி, அங்கே கையில் தட்டுப்படும் எலும்பை நுண்ணோக்கி வழியே பார்த்தபடி துளையிட்டு உள்ளே போகிறார்கள். குழாயின் எலும்புச் சுவரில் ஒரு மில்லிமீட்டர் அகலம், மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சன்னல் திறக்கிறார்கள். துளையிட்டபோது வந்த எலும்புத்தூளையே ஒருவகைப் பசையில் குழைத்து உள்ளே அடைக்கிறார்கள். திரவம் ஓட வழியில்லை என்றால் படிகங்கள் இருந்தும் தொந்தரவு இல்லை. முழு மயக்கத்தில் இரண்டு மூன்று மணி நேர வேலை. அடைக்கப் பயன்படுத்தும் பொருள் மருத்துவருக்கு மருத்துவர் மாறும்.

குழாயை அடைத்தால் காது ஏன் மந்தமாக வேண்டும்? இதைக் கேட்காமலே பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். காரணம் இரண்டு. இரண்டும் வேறு வேறு என்று தெரிந்துகொண்டாலே பாதிப் பயம் போய்விடும்.

முதலாவது, வெறும் ஈரம். துளையிடும்போது எலும்பு சூடாகாமலிருக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த நீரும் கசிந்த இரத்தமும் செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுக்காதில் தேங்குகின்றன. குளத்தில் முங்கி எழுந்தவுடன் காது எப்படியிருக்கும், அப்படி. செவி நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒலி உள்ளே போகும் வழியில்தான் தடை. சில வாரங்களில் தானே வற்றிவிடும்.

இரண்டாவது சற்றுக் கவனிக்க வேண்டியது. அரைவட்டக் குழாயும், ஒலியை உணரும் நத்தைச் சுருளும் ஒரே திரவத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே கிணற்றில் இறைக்கும் இரண்டு வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஒரு வீட்டில் கலக்கினால் மற்ற வீட்டிலும் கலங்கும். குழாயைத் திறந்து மூடியதில் உள்காது முழுவதும் கிருமியில்லாத ஓர் அழற்சி உண்டாகிறது. அது அடங்கும்வரை கேட்கும் திறன் குறைந்திருக்கும், காதில் இரைச்சல் இருக்கும், ஒலிகள் திரிந்து கேட்கும். இதுவும் பெரும்பாலோருக்கு வாரக்கணக்கில் தெளிகிறது. மிகச் சிலருக்குத் தெளிவதில்லை.

அந்த 'மிகச் சிலர்' எத்தனை பேர் என்றுதான் நான் முதலில் கேட்டேன். பார்ன்ஸ் குழுவினர் தாங்கள் செய்த 44 காதுகளின் கணக்கைச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் தலைசுற்றல் தீர்ந்தது. ஒன்றில் மட்டும் பின்னாளில் வேறு விதமாகத் திரும்பியது. அறுவைக்கு முன் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் 40 பேர். அவர்களில் ஒருவருக்கு 20 டெசிபல் அளவு லேசான குறைவு. இன்னொருவருக்கு மூன்று மாதம் கழித்துத் திடீரென்று முழுக் காதும் போய், திரும்பவில்லை. சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் அந்த மூன்று மாதம் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் நான் சொல்லப்போகும் எச்சரிக்கைகளுக்கு அதுதான் காரணம்.

2. அறுவைக்கு முன்: ஆடியோகிராமைக் கையில் வாங்கிவிடுங்கள்

ஆடியோகிராம் என்பது காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத் தாள். நான் செய்த தவறு இதில்தான். பரிசோதனை எடுத்தார்கள், 'நார்மல்' என்றார்கள், திருப்தியாக வந்துவிட்டேன். தாளை வாங்கவில்லை. பிறகு ஒவ்வொரு முறையும் 'முன்பு எவ்வளவு இருந்தது?' என்ற கேள்விக்கு என்னிடம் பதிலில்லை; மருத்துவமனைக் கோப்பிலோ அந்தத் தாள் கிடைக்கவில்லை. இரண்டு காதுகளுக்குமான வரைபடத்தின் நகலை வாங்கிப் போனில் படமெடுத்தும் வையுங்கள்.

எந்தக் காது, எந்தக் குழாய் என்பது உறுதியாகிவிட்டதா, தலையைத் திருப்பும் முறை எத்தனை தடவை முயன்றார்கள், மூளையில் வேறு கோளாறு இல்லை என்று ஸ்கேன் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். மறு காதில் உங்களுக்கு ஏற்கெனவே கேட்கும் திறன் குறைவு என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். ஒற்றைக் காதை நம்பி இருப்பவருக்கு அந்தக் காதில் கத்தி வைப்பது முற்றிலும் வேறு கணக்கு.

3. மருத்துவமனையில்

பொதுவாக இரண்டு மூன்று நாள். தலையைச் சுற்றிக் கட்டு இருக்கும். கட்டுக்குள் இருக்கும் காது கேட்கிறதா என்று சோதிப்பது வீண் வேலை. அப்போது யாருக்கும் கேட்காது.

யாரும் சொல்லாத ஒன்று: அறுவை செய்த பக்கம் படுக்க முடியாது. ஆகவே மறுபக்கம் படுப்பீர்கள். அப்போது நன்றாகக் கேட்கும் காது தலையணைக்குள் புதைந்துவிடும். கதவைத் தட்டினாலும், செவிலியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், போன் அடித்தாலும் உங்களுக்குத் தெரியாது. முதல் இரவு என் கணவர் கத்திக்கொண்டே இருந்தாராம். நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். போனை அதிர்வில் வைத்துக் கைக்குள் வையுங்கள். துணைக்கு இருப்பவர் தோளைத் தொட்டுக் கூப்பிடட்டும்.

எழுந்து நின்றால் தள்ளாடும். பழைய சுற்றல் அல்ல இது. படகில் நிற்பது போன்ற ஆட்டம். எல்லோருக்கும் எதிர்பார்ப்பதுதான். மூளை பழகிக்கொள்ளச் சில நாளிலிருந்து சில வாரம் ஆகும். கழிப்பறைக்குத் தனியாகப் போகாதீர்கள்.

4. வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரங்கள்

மூக்கைச் சிந்தாதீர்கள். சளியைத் துடைத்துக்கொள்ளுங்கள், அழுத்திச் சிந்த வேண்டாம். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழல் போகிறது. சிந்தும் காற்று அதன் வழியே ஏறிப் புதிதாக மூடிய இடத்தைத் தள்ளும். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். பலூன் ஊதுவது, சங்கு ஊதுவது, கபாலபாதி, மூச்சை அடக்கும் பயிற்சிகள் எல்லாவற்றுக்கும் விடுமுறை. குடம் தூக்க வேண்டாம். மலச்சிக்கலில் முக்குவதும் இதே கணக்கில் வரும், ஆகவே வாழைப்பழமும் தண்ணீரும் தாராளமாக. விமானப் பயணத்துக்கு மருத்துவர் தேதி சொல்லும்வரை டிக்கெட் எடுக்காதீர்கள்.

காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது. தையல் இருக்கும்வரை தலைக்குக் குளிப்பது மருத்துவர் அனுமதித்த பிறகுதான்.

அடுத்தது எண்ணெய். என் மாமியார் நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆற்றி, கரண்டியோடு வந்து நின்றார். அன்புக்குக் குறைவில்லை. காது அடைப்புக்கு நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். ஆனால் இங்கே அடைப்பு செவிப்பறைக்கு உட்புறத்தில் இருக்கிறது. மேலே ஊற்றும் எண்ணெய் அங்கே போய்ச் சேராது. போய்ச் சேர்ந்தால், அதாவது செவிப்பறையில் ஓட்டை இருந்தால், கிருமியையும் கூட்டிக்கொண்டு போகும். எண்ணெய், சொட்டு மருந்து, கோழி இறகு, பஞ்சு சுற்றிய குச்சி, எதையும் மருத்துவர் சொல்லாமல் உள்ளே விடாதீர்கள். இதை மாமியாரிடம் நீங்கள் சொல்வதைவிட மருத்துவர் வாயால் சொல்லவைப்பது குடும்பத்துக்கு நல்லது.

5. 'ம்ம்ம்' சோதனை

வீட்டில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். இ.என்.டி. மருத்துவர்கள் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதன் ஏழை உறவினர் இது. முதலில் நல்ல காதை விரலால் அடைத்துக்கொண்டு, வாயை மூடி 'ம்ம்ம்' என்று தாழ்ந்த குரலில் ஒலியெழுப்புங்கள். ஒலி அடைத்த காதுக்குள்ளேயே போய் நிறைவதைக் கவனித்தீர்களா? வழி அடைபட்டால், எலும்பு வழியாக வரும் ஒலி அடைபட்ட பக்கமே தூக்கலாகக் கேட்கும்.

இப்போது விரலை எடுத்துவிட்டு அதேபோல் ஒலியெழுப்புங்கள். அறுவை செய்த காதில் தூக்கலாகக் கேட்டால், அங்கே நீர்த் தேக்கம்தான் பெரிய காரணம் என்று ஊகிக்கலாம். நல்ல செய்தி. நல்ல காதின் பக்கம் ஒதுங்கிக் கேட்டால், உணரும் பகுதியும் சோர்ந்திருக்கிறது என்று பொருள். இரண்டும் கலந்திருந்தால் நடுவிலும் கேட்கலாம். எனக்கு முதல் இரண்டு வாரம் இடது பக்கமே கேட்டது. பிறகு மெல்ல நடுவுக்கு வந்தது.

இதை நாளைக்கு ஒரு முறை, காலையில் எழுந்தவுடன் செய்யுங்கள். அதோடு நல்ல காதை அழுத்தி மூடிக்கொண்டு, அறுவை செய்த காதருகே இரு விரல்களை உரசிப் பாருங்கள். நேற்றுக் கேட்டது இன்று கேட்கிறதா? அவ்வளவுதான். நான் முதல் வாரம் மணிக்கொரு தரம் சோதித்தேன். களைப்பிலும் பயத்திலும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை வந்தது. பக்கத்தில் ஒரு நாட்காட்டி வைத்துக் குறித்துக்கொண்டால் போதும்.

நடுவில் விநோதமான அனுபவங்கள் வரும். விழுங்கும்போது காதுக்குள் குமிழ் உடையும். நீர் வற்றி, காற்று நுழைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் குரல் பானைக்குள் பேசியதுபோல் முழங்கும். இதயத் துடிப்பு காதில் கேட்கும். எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தால் ஊசி குத்தியதுபோல் இருக்கும். மெல்லிய ஒலி கேட்காத அதே காதுக்குப் பெரிய ஒலி தாங்க முடியாததாகிவிடுகிறது. எங்கள் வீட்டுச் சுருதிப்பெட்டி வலது காதில் ஒரு சுருதியாகவும் இடது காதில் கிட்டத்தட்ட அரைக்கட்டை இறங்கியும் கேட்டது. இசைக்குப் பழகியவர்களை இது மிகவும் கலங்கடிக்கும். உள்காது அமைதியாகும்போது சுருதியும் சேர்ந்துகொள்கிறது. எனக்கு ஏழாவது வாரத்தில் சேர்ந்தது.

6. தெருவில்

ஒற்றைக் காதோடு இருக்கும்போது, ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. ஹாரன் கேட்கும், பஸ் எங்கே என்று தெரியாது. அதோடு தள்ளாட்டமும் சேர்ந்திருப்பதால் சாலையைக் கடப்பதுதான் இந்த வாரங்களின் உண்மையான ஆபத்து. துணையில்லாமல் கடக்காதீர்கள். இரு சக்கர வண்டி, மருத்துவர் சொல்லும்வரை, ஓட்டவும் வேண்டாம், பின்னால் உட்காரவும் வேண்டாம்.

வீட்டில், பேசுபவர் நல்ல காதின் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். கல்யாண வீட்டுக்குப் போயே தீர வேண்டுமென்றால் மேளத்துக்குத் தொலைவில், சுவரோரமாக. அமைதியான அறையில் சமாளிக்கும் நீங்கள் கூட்டத்தில் தோற்பீர்கள். அது காது மோசமாவதன் அறிகுறி அல்ல.

7. தள்ளாட்டத்துக்குப் பயிற்சி

படுத்தே கிடந்தால் மூளை பழகாது. மருத்துவர் அனுமதித்தவுடன், கட்டைவிரலை நேரே நீட்டி அதையே பார்த்தபடி தலையை இடமும் வலமும் மெல்லத் திருப்புவது, சுவரைத் தொட்டபடி நடப்பது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார். தொடக்கத்தில் குமட்டும். தலைசுற்றல் மாத்திரையைப் பழக்கத்தில் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தால் பழகுவது தாமதமாகலாம். எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள்.

8. உடனே போன் செய்ய வேண்டியவை

மெல்ல மெல்லத் தேறி வந்த காது ஒரு நாள் காலையில் சட்டென்று மந்தமாகிவிட்டால், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றாலும், மூன்றாம் மாதம் என்றாலும். ஸ்டீராய்டு மருந்து பயன்பட வேண்டுமானால் நாள் கடத்தக் கூடாது. 'சளியாக இருக்கும், நாளை பார்க்கலாம்' என்பதுதான் இங்கே மிக விலையுயர்ந்த வாக்கியம்.

குறைந்துகொண்டிருந்த தள்ளாட்டம் மீண்டும் பலத்த சுற்றலாக மாறுவது, காய்ச்சல், காதிலிருந்து சீழ், முகத்தின் ஒரு பக்கம் கோணுவது அல்லது கண் மூடாமல் போவது, கழுத்து விறைப்போடு கடும் தலைவலி ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. காதிலிருந்தோ குனியும்போது மூக்கின் ஒரு துளையிலிருந்தோ தெளிந்த நீர் சொட்டினால், அதைச் சளி என்று எண்ணிவிடாதீர்கள். மூளையைச் சூழ்ந்த திரவமாக இருக்கலாம்.

காதுக்குப் பின்னால் தொட்டால் மரத்திருப்பது, தையல் ஓரம் அரிப்பது, இலேசான இரைச்சல், இவை அடுத்த சந்திப்பு வரை பொறுக்கும்.

9. ஆடியோகிராமைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எப்போது எடுப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நீர் வற்றுவதற்கு முன் எடுத்தால் வரைபடம் மோசமாகவே இருக்கும், அதைக் கண்டு அழ வேண்டாம். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. கோடு கீழே இறங்க இறங்கக் கேட்கும் திறன் குறைவு. இடமிருந்து வலம் போகப் போகச் சுருதி ஏறும்.

ஒவ்வொரு காதுக்கும் இரண்டு அளவுகள் எடுப்பார்கள்: ஒன்று ஹெட்போன் வழியாக, மற்றொன்று காதுக்குப் பின்னால் எலும்பில் ஓர் அதிர்வுக் கருவி வைத்து. எலும்பு வழி நன்றாக இருந்து, ஹெட்போன் வழி மட்டும் இறங்கியிருந்தால் வழித்தடைதான். இரண்டும் சேர்ந்தே இறங்கியிருந்தால் உள்காது. வலது ஓரத்தில் மட்டும் இறங்கியிருந்தால் உயர்ந்த சுருதிகள் குறைவு. 'ச', 'ஸ', 'ஷ' போன்ற எழுத்துகள் நழுவும். பேச்சு கேட்கும், சொல் புரியாது.

சோதனையின்போது நல்ல காதில் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் விடுவார்கள். கருவி கெட்டுவிட்டதோ என்று நான் கையை உயர்த்திவிட்டேன். மண்டையோட்டின் வழியாக நல்ல காது திருட்டுத்தனமாகக் கேட்டுவிடாமல் இருக்க அதை வேலையாக வைத்திருக்கிறார்கள். இரைச்சலை விட்டுவிட்டு, 'கீ' என்ற ஒலிக்கு மட்டும் பொத்தானை அழுத்துங்கள்.

எனக்கு ஐந்தாம் வாரத்தில் வழித்தடை மறைந்தது. மூன்றாம் மாத வரைபடத்தில் வலது ஓரத்தில் மட்டும் சிறிய இறக்கம் மிச்சம். நானாகத் தேடினாலொழியத் தெரிவதில்லை. உங்களுடையது முன்னே பின்னே ஆகலாம்.

10. கடைசியாக ஒரு கோப்பு

அறுவைக் குறிப்பின் நகல், முன்னும் பின்னும் எடுத்த ஆடியோகிராம்கள், எந்தக் காதில் எந்தக் குழாய் அடைக்கப்பட்டது என்று ஒரு வரி. படிகங்கள் மறு காதிலும் ஒரு நாள் உதிரலாம். அப்போது புதிய மருத்துவர் ஒருவர் உங்களைப் படுக்கவைத்துத் தலையைத் தொங்கவிட்டுப் பார்ப்பார். அடைத்த குழாய் எது என்று தெரிந்தால்தான் அவர் பார்ப்பதற்குப் பொருள் இருக்கும். மறு காதுக்கு மறுபடியும் எப்ளியின் தலைதிருப்பும் முறையிலிருந்தே தொடங்கலாம். என் கோப்பு பீரோவில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அறுவைக்கு முந்தைய ஆடியோகிராம் மட்டும் அதில் இல்லை.